ஓடிபி யார் போனுக்குப் போகிறது?

"எந்த சாப்ட்வேர் போட்டா நல்லதுங்க?"

திருப்பூரில் கணக்கு வேலையும் கம்ப்யூட்டர் வேலையும் சேர்த்துப் பார்ப்பவனிடம் கம்பெனி முதலாளிகள் முதலில் கேட்பது இதைத்தான். நான் உடனே பதில் சொல்வதில்லை. "உங்க ஜிஎஸ்டி லாகின்ல யாரோட மொபைல் நம்பருங்க இருக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்குத் தெரியாது. ஆடிட்டர் ஆபீசுக்குப் போன் போடுவார்கள். அங்கேயும் கொஞ்சம் தேடித்தான் சொல்வார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த அவசரத்தில் பதிவு செய்து கொடுத்தவர் யாரோ, அவருடைய நம்பரும் அவர் அன்றைக்குத் திறந்த ஒரு ஜிமெயிலும் உள்ளே இருக்கும். அந்த ஆள் இப்போது கோயம்புத்தூரில் வேறு வேலையில் இருப்பார்.

பத்து தையல் மெஷின் ஓடும்வரை இது யாருக்கும் உறைக்காது. மாதம் ஒருமுறை ரிட்டர்ன் போடுவதை ஆடிட்டர் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய சீட்டு), இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் ஏற்றிப் பதிவு செய்யும் பில்) தளங்களில் எல்லோருமே பாஸ்வேர்டுக்கு அப்புறம் இன்னொரு சரிபார்ப்பையும் தாண்டித்தான் நுழைய வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம். லாரியில் பெட்டி ஏற்றியாகிவிட்டது. தூத்துக்குடியில் கப்பலுக்கு நேரம் குறித்திருக்கிறார்கள். ஓடிபி கோயம்புத்தூரில் யாரோ ஒருவருடைய போனில் போய் விழுகிறது. அவர் சினிமா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வளர்கிற சிறுதொழிலுக்குத் தொழில்நுட்பத் திட்டம் என்றால் அதில் பாதி எனக்கு இந்த மாதிரிக் கேள்விகள்தான். எது யார் கையில் இருக்கிறது, அவர் நாளைக்கு வராவிட்டால் என்ன செய்வோம். எந்த சாப்ட்வேர் என்பது அதற்கு அப்புறம் வருகிற, கொஞ்சம் சுலபமான கேள்வி.

பனியன் கம்பெனி எப்படி நடக்கிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நூல் நாம் வாங்குவோம். அது நிட்டிங்குக்குப் போகும், துணியாகி சாயம் ஏற்ற டையிங்குக்குப் போகும், அங்கிருந்து துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங், அப்புறம்தான் நம் கட்டிங் டேபிளுக்கு வரும். வெட்டிய பீஸ் பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ மறுபடி வெளியே போய்த் திரும்பும். தைப்பதில் ஒரு பகுதியையும் பவர் டேபிள்காரர்களிடம் (கூலிக்குத் தைத்துத் தரும் சின்ன யூனிட்டுகள்) கொடுப்போம். ஆக, கம்பெனியின் சரக்கில் பெரும்பங்கு எந்த நேரமும் சொந்தக் கூரைக்கு வெளியேதான் கிடக்கும். எந்த லாட் (ஒரே தொகுதியாகப் போன சரக்கு) எந்த டையிங்கில் நிற்கிறது, பிரிண்டிங்காரர் இன்னும் எத்தனை பீஸ் திருப்பித் தரவேண்டும் என்பதெல்லாம் முதலாளியின் தலையிலும் அவர் மனைவியின் நோட்டிலும் இருக்கும்.

அந்தத் தலையையும் நோட்டையும் கேலி செய்கிற சாப்ட்வேர் விற்பனையாளர்களை எனக்குப் பிடிப்பதில்லை. சின்ன யூனிட்டுக்கு அதைவிட வேகமான முறையை இதுவரை யாரும் விற்கவில்லை. தேதி, டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) நம்பர், எடை, பீஸ் என்று ஒரே வரிசையில், ஒரு நாள் விடாமல் எழுதுகிற அம்மா ஒருவர் இருந்தால் அந்தக் கம்பெனியைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது சுலபம். மூன்று கம்ப்யூட்டர் இருந்தும் அப்படி எழுத ஆள் இல்லாத கம்பெனிதான் பாடாய்ப் படுத்தும்.

எந்தக் கட்டத்தில் இந்த முறை தாங்காமல் போகும்? டர்ன்ஓவரை வைத்துச் சொல்பவர்கள் உண்டு, மெஷின் எண்ணிக்கையை வைத்துச் சொல்பவர்களும் உண்டு. நான் பார்த்தவரை இரண்டாவது இடம் வரும்போதுதான் உடைகிறது. பெருமாநல்லூர் ரோட்டில் யூனிட், அவிநாசிப் பக்கம் ஒரு கோடவுன் என்று ஆனவுடன் முதலாளி போனில் ஸ்டாக் கேட்க ஆரம்பிக்கிறார். "வெள்ளை எத்தனை ரோல் இருக்கு?" "பார்த்துச் சொல்றேங்ணா." அந்தப் பதில் வருவதற்குள் அரை நாள் போய்விடும். அதற்குள் அவசரப்பட்டு இன்னொரு முறை நூல் வாங்கியிருப்பார். ஆறு மாதம் கழித்து கோடவுன் மூலையில் பழைய லாட் ஒன்று கிடைக்கும். அதன் ஷேடு புது லாட்டோடு சேராது. அதனால் இரண்டாவது இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் மாதத்திலேயே ஸ்டாக் கணக்கை யார், எதில், எத்தனை மணிக்கு எழுதுவது என்று முடிவாகிவிட வேண்டும் என்பேன். வாடகைக்கு இடம் பார்க்க ஆறு மாதம் அலைகிறவர்கள் இதற்கு ஒரு மத்தியானம் ஒதுக்குவதில்லை.

நூல் விலை அடுத்த மாதம் என்ன என்றே தெரியாத ஊரில் ஐந்து வருடத் திட்டம் போடுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எவ்வளவு டர்ன்ஓவர் வந்தால் எந்தச் சட்டம் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். இ-இன்வாய்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களோடு ஆரம்பித்தது. 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50, 2022 ஏப்ரலில் 20, அக்டோபரில் 10, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி. படி இறங்கி வருவது கண்ணுக்குத் தெரிந்தது. அப்படியும் ஒவ்வொரு படிக்கும் கடைசி வாரத்தில்தான் போன் வரும்.

இதில் பலர் கவனிக்காத இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, 2017-18 முதல் ஏதாவது ஒரு வருடம் 5 கோடியைத் தாண்டியிருந்தாலும் போதும், அப்புறம் விற்பனை இறங்கினாலும் இ-இன்வாய்ஸிலிருந்து விடுதலை கிடையாது. இன்னொன்று, கணக்குப் பார்ப்பது பான் எண்ணை வைத்து. ஒரே பானில் இரண்டு மாநிலத்தில் ஜிஎஸ்டி பதிவு இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். இ-இன்வாய்ஸ் போட வேண்டியவர் போடாமல் சாதாரண பில் கொடுத்தால் அது பில்லாகவே செல்லாது. அதை முதலில் கண்டுபிடிப்பது அதிகாரி இல்லை, சரக்கு வாங்கியவரின் அக்கவுண்டன்ட். பணத்தை நிறுத்திவைத்துவிட்டு, "பில்லு மாத்திக் குடுங்க" என்பார்.

10 கோடியைத் தாண்டினால் 2025 ஏப்ரல் முதல் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் போர்ட்டலில் ஏற்றாவிட்டால் அப்புறம் ஏற்றவே முடியாது. மாதக் கடைசியில் எல்லாப் பில்லையும் மொத்தமாக உட்கார்ந்து என்ட்ரி போடும் பழக்கமுள்ள ஆபீஸ் 10 கோடிக்குப் போகும் முன்னால் அந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும். இதற்குப் புது சாப்ட்வேர் தேவையில்லை. அன்றைய பில்லை அன்றைக்கே போட ஒரு ஆள் வேண்டும், அவர் லீவு போட்டால் போட இன்னொரு ஆள் வேண்டும்.

அதே போலத்தான் ஜாப் ஒர்க் (வெளியே கூலிக்குக் கொடுக்கும் வேலை) பில்களும். சிறு, குறு நிறுவனமாக உத்யம் பதிவு வைத்திருக்கும் பிரிண்டிங்காரருக்கோ எம்பிராய்டரிக்காரருக்கோ, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்காமல் வருடக் கடைசியைத் தாண்டினால், அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. ஆக, ஒவ்வொரு ஜாப் ஒர்க்காரரும் உத்யம் வைத்திருக்கிறாரா, அவர் பில் எத்தனை நாளாக நிற்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். பில் தேதி சரியாக ஏறியிருந்தால்தானே அது சொல்லும்? "பில்லு வரட்டும், மொத்தமா ஏத்திக்கலாம்" என்று டிராயரில் போட்டு வைத்த பில்லைப் பற்றி எந்த சாப்ட்வேரும் எதுவும் சொல்லாது. பார்ட்னர்ஷிப்பை பிரைவேட் லிமிடெட்டாக மாற்ற நினைப்பவர்களுக்கும் ஒன்று: 2023 ஏப்ரலிலிருந்து கம்பெனிச் சட்டத்துக்குக் கீழ் வருபவர்கள், என்ட்ரியை யார் எப்போது திருத்தினார்கள் என்று பதிவு வைக்கிற கணக்கு சாப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும், அந்தப் பதிவை அணைத்தும் வைக்கக் கூடாது. பழைய பில்லை ராத்திரியில் அழித்து எழுதுகிற சௌகரியம் அதோடு போயிற்று.

சரி, இப்போது நான் அதிக நேரம் செலவழிக்கிற வேலைக்கு வருகிறேன். பெயர் வைக்கும் வேலை.

ஒரு கம்பெனியில் ஸ்டாக் லிஸ்டை எடுத்துப் பார்த்தால் '30 எஸ்ஜே வெள்ளை', 'சிங்கிள் ஜெர்சி 30ஸ் ஒயிட்', 'ஜெர்சி ஒயிட் 160', 'எக்ஸ்போர்ட் வெள்ளை' என்று நான்கு வரி இருக்கும். நான்கும் ஒரே துணி. நூல் வாங்குபவர் நூல் எண்ணை, அதாவது நூல் எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்வார், கட்டிங் மாஸ்டர் ஜிஎஸ்எம்மை, அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைச் சொல்வார், கோடவுன்காரர் எந்த பையருக்கு (ஆர்டர் கொடுப்பவருக்கு) வந்ததோ அந்தப் பெயரைச் சொல்வார், டேலி கணக்கு சாப்ட்வேரில் என்ட்ரி போடும் பெண் எதிரே இருக்கும் பில்லில் எப்படி இருக்கிறதோ அப்படியே புதிதாக ஒரு ஐட்டம் திறப்பார். யாரையும் குறை சொல்ல முடியாது. அவரவர் வேலைக்கு அவரவர் பெயர் போதும். ஆனால் இந்த நான்கு வரியில் ஒன்றில் 400 கிலோ கையிருப்பு என்றும், இன்னொன்றில் மைனஸ் 380 கிலோ என்றும் காட்டும். அந்த மைனஸைப் பார்த்ததும் முதலாளிக்குக் கம்ப்யூட்டர் மேல் இருந்த நம்பிக்கை மொத்தமும் போய்விடும். மறுபடி நோட்டுக்கே திரும்புவார். நியாயம்தான்.

அதனால் சாப்ட்வேர் வாங்குவதற்கு முன்னால் எல்லோரையும் ஒரே டேபிளில் உட்கார வைப்பேன். கட்டிங் மாஸ்டர், கோடவுன்காரர், மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்), அக்கவுண்ட்ஸ் பெண், முதலாளி. ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு துணிக்கும் ஒரே பெயர் முடிவு செய்வோம். முதலில் நூல் எண், அப்புறம் துணி வகை, அப்புறம் ஜிஎஸ்எம், கடைசியில் நிறம். இந்த வரிசையை யாரும் மாற்றக் கூடாது. புது ஐட்டம் திறக்கும் அதிகாரம் ஒரே ஒருவருக்கு. இதில் சண்டை வரும். கட்டிங் மாஸ்டர், "நாங்க இருபது வருஷமா இப்படித்தான் சொல்றோம்" என்பார். சொல்லட்டும். வாயில் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம், சீட்டில் எழுதும்போது மட்டும் இந்தப் பெயர். இந்தக் கூட்டத்துக்கு முதலாளி வரவில்லை என்றால் நானும் எழுந்து வந்துவிடுவேன். வேலைக்காரர்கள் மட்டும் சேர்ந்து எடுத்த முடிவை அடுத்த வாரமே முதலாளி மாற்றிவிடுவார்.

இப்படிப் பெயர் ஒழுங்காக வைத்தவர்களுக்கு அதன் பலன் 2025 செப்டம்பர் 22 அன்று தெரிந்தது. அன்றைக்கு ஜிஎஸ்டியில் பெரும்பாலான பொருட்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் போய்விட்டன. அதுவரை 1,000 ரூபாய் வரை உள்ள ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12 என்று இருந்தது. இப்போது 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. ஐட்டம் லிஸ்ட் சுத்தமாக இருந்த கம்பெனிகள் ஒரே சாயங்காலத்தில் விகிதத்தை மாற்றிவிட்டு மறுநாள் பில் போட்டன. ஒரே டி-ஷர்ட்டுக்கு ஏழு பெயர் வைத்திருந்தவர்கள் பத்துப் பதினைந்து நாள், தப்பாகப் போன பில்லைச் சரிசெய்யும் கிரெடிட் நோட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆட்களின் பெயரும் இதே கதைதான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைக்கிற பிள்ளைகளின் பெயரை சூப்பர்வைசர் காதில் விழுந்தபடி எழுதிவிடுவார். 10 பேர் ஆனால் இஎஸ்ஐ, 20 பேர் ஆனால் பிஎஃப் என்று வரும்போது ஆதாரில் உள்ள எழுத்தும் நம் ரிஜிஸ்டரில் உள்ள எழுத்தும் சேராது. ஊருக்குப் போன பையன் பிஎஃப் பணம் எடுக்க முடியாமல் போன் பண்ணுவான். வேலைக்குச் சேரும் நாளிலேயே ஆதாரைப் பார்த்து ஒரு எழுத்து விடாமல் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டால் போதும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் முகம் பார்க்கிற அட்டெண்டன்ஸ் மெஷின் இந்த வேலையைச் செய்யாது.

இனி சாப்ட்வேர். பெரிய ஆர்டர் ஒன்று கிடைத்ததும் பலருக்கு ஈஆர்பி (கம்பெனியின் எல்லா வேலையையும் ஒன்றாகப் பார்க்கும் பெரிய சாப்ட்வேர்) ஆசை வரும். டெமோ காட்டுபவர் லேப்டாப்பில் கலர் கலராக வரைபடம் காட்டுவார். நூலில் ஆரம்பித்துப் பெட்டி கட்டும் வரை ஒவ்வொரு கட்டமும் திரையில் வரும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். நான் ஒரு கணக்கை மட்டும் போட்டுக் காட்டச் சொல்வேன். நூல் கிலோவில் வாங்குகிறோம். டையிங் போய் வந்த துணி எடை குறைந்து வரும். எவ்வளவு குறையும் என்பது நிறத்தையும் துணியையும் பொறுத்தது. கட்டிங்கில் கிலோ பீஸாக மாறும், கூடவே வேஸ்ட் கிலோவில் விழும், அந்த வேஸ்டும் விலைக்குப் போகும். பேக்கிங்கில் பீஸ் பெட்டியாக மாறும், பெட்டிக்குள் சைஸ் கலந்து போகும். இந்த ஒரு லாட்டை முதலிலிருந்து கடைசி வரை, நம்முடைய நிஜ டிசிகளை வைத்து, நம் ஆளே உட்கார்ந்து ஏற்ற முடிகிறதா? அவர்கள் தயாராகக் கொண்டுவந்த உதாரணத்தில் எல்லாம் அழகாகத்தான் வரும். நம் லாட்டில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

வாங்கியவர்கள் பலரிடம் அப்புறம் போய்ப் பார்த்தால், அதன் பத்து மாட்யூலில் (பகுதியில்) பில்லும் சம்பளமும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நான்கு பேர் வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்கிய மாதிரி. உற்பத்தி மாட்யூலுக்குத் தினமும் லைனிலிருந்து எண்ணிக்கை வர வேண்டும், அதை ஏற்ற ஒரு முழுநேர ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தை விலைப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை.

50 மெஷின் வரை உள்ளவர்களுக்கு என் பரிந்துரை பெரும்பாலும் சலிப்பூட்டும் வகைதான்: டேலி, அதோடு ஒழுங்கான எக்ஸெல் ஷீட்டுகள். டேலியை விடச் சிறந்தது இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. திருப்பூரில் டேலி தெரிந்த அக்கவுண்டன்ட் எந்தத் தெருவிலும் கிடைப்பார். இருக்கிற பெண் கல்யாணமாகிப் போனால் அடுத்த வாரமே இன்னொருவர் உட்கார்ந்து அதே இடத்திலிருந்து தொடர முடியும். ஒரே ஒருவர் எழுதிக் கொடுத்த தனி சாப்ட்வேரில் அது முடியாது. எழுதியவர் வெளிநாடு போய்விட்டால் கம்பெனியின் ஆறு வருடக் கணக்கும் அவர் நல்லெண்ணத்தை நம்பி நிற்கும். அப்படி நிற்கும் கம்பெனிகளை எனக்குத் தெரியும்.

இரண்டு மூன்று இடம், வெளியே சுற்றும் முதலாளி, போனில் பார்த்தாக வேண்டும் என்றால் ஜோஹோ புக்ஸ் மாதிரி இணையத்தில் ஓடுகிற கணக்கு சாப்ட்வேர் சௌகரியம். ஜோஹோ, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் வேலை பார்க்கும் கம்பெனி என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷமும் உண்டு. மாதாமாதம் பணம் கட்டுவதைப் பலர் நஷ்டமாக நினைக்கிறார்கள். ஒருமுறை வாங்கிப் போட்டால் முடிந்தது என்கிறார்கள். இந்த ஊருக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடினபோதும், 2020-ல் ஊரடங்கிலும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் ஆர்டர் ஒரே மாதத்தில் சரிந்தது. அந்த மாதிரி நாளில் எட்டு யூசரை நான்காகக் குறைத்துக்கொள்ள முடிகிற செலவு நல்லது. கடன் வாங்கிப் போட்ட சர்வரைக் குறைக்க முடியாது, அதற்கு வட்டிதான் ஓடும்.

எதை வாங்கினாலும் விற்பவரிடம் ஒரு கேள்வி கட்டாயம். "நாங்க வேற எதுக்காவது மாறணும்னா எங்க டேட்டா முழுசையும் எக்ஸெல்ல எடுத்துக் குடுப்பீங்களா? இப்பவே எடுத்துக் காட்டுங்க." பொண்ணு பார்க்க வந்த இடத்தில் விவாகரத்துப் பேசுவது போல இருக்கிறது என்று ஒரு விற்பனையாளர் சிரித்தார். எடுத்துக் காட்டாதவர்களிடம் நான் வாங்கச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பேக்கப் பற்றிப் பேசினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கம்ப்யூட்டர் தரையில் இருக்கும், அதன் பின்னாலேயே பென்டிரைவ் செருகியிருக்கும், பேக்கப் அதில் ஓடும். திருட்டுப் போனாலும், தண்ணீர் புகுந்தாலும், ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருப்பூரில் நொய்யல் கரையோரம் கம்பெனி வைத்திருப்பவர்களுக்கும்தான். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று கட்டிடத்துக்கு வெளியே என்பது உலகம் முழுக்கச் சொல்கிற கணக்கு. இங்கே அதை இப்படிச் செய்யலாம்: கம்ப்யூட்டரில் ஒன்று, தினமும் சாயங்காலம் கழற்றி முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போகும் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. ஜிஎஸ்டி சட்டப்படி வருடாந்திர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்பதால் பழைய வருடங்களும் இதில் சேர்த்தி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஹார்ட் டிஸ்கை வேறு ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, கடைசி பில் வருகிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்றே நான் எண்ணுவதில்லை.

கிராக் பண்ணிய சாப்ட்வேர் போட்டவர்களுக்கு நான் வேலை செய்வதில்லை. தர்மம் பேசவில்லை. அதை இன்ஸ்டால் செய்யும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அணைத்தது அணைத்தபடியே கிடக்கும்.

கம்ப்யூட்டர்கள் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவை நிறுத்திவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய மெஷின்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பேங்க், மெயில், ஜிஎஸ்டி மூன்றும் பார்க்கிற மெஷினை முதலில் மாற்றுங்கள். பேக்கிங் லிஸ்ட் மட்டும் பிரிண்ட் எடுக்கும் மெஷினை இணையத்திலிருந்து கழற்றிவிட்டால் அது பாட்டுக்கு இன்னும் ஓடும். யுபிஎஸ் பேட்டரி வாங்கிய தேதியை அதன் மேலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள்.

மெயில் என்றதும் எக்ஸ்போர்ட் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யாராவது நம் மெயிலுக்குள் புகுந்தால் உடனே எதுவும் செய்ய மாட்டார்கள். பையரோடு நடக்கும் பேச்சை வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பார்கள். பணம் வருகிற சமயம் பார்த்து, நம் மெயில் மாதிரியே ஓரெழுத்து மாறின முகவரியிலிருந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று பையருக்கு எழுதுவார்கள். பையர் நம்பிப் பணம் அனுப்பிவிட்டால் திரும்பப் பெறுவது பெரும்பாடு. ஒவ்வொரு பையரிடமும் முதல் ஆர்டரின்போதே சொல்லி வைக்க வேண்டும்: வங்கிக் கணக்கு மாறினால் மெயிலை மட்டும் நம்பாதீர்கள், இந்த நம்பருக்குப் போன் போட்டு என் குரலைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். மெர்ச்சண்டைசர் தன் சொந்த ஜிமெயிலிலும் சொந்த வாட்ஸாப்பிலும் பையரோடு பேசிக்கொண்டிருக்கும் கம்பெனியில் இந்தப் பாதுகாப்பெல்லாம் நிற்காது. அவர் வேலை மாறும்போது நான்கு வருடப் பேச்சும், சாம்பிள் போட்டோக்களும், சில சமயம் பையருமே அவரோடு போய்விடுவார்கள். கம்பெனி பெயரில் டொமைன், கம்பெனி சிம், கம்பெனி போன். டொமைன் வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரில் இல்லை, கம்பெனி பெயரில்தான் பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்க ஒரு நீளமான நோட்டுப் போதும். இடது பக்கம் பொருள்: ஜிஎஸ்டி லாகின், இ-வே பில் லாகின், டேலி லைசென்ஸ், டொமைன், மெயில், பேங்க், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (பென்டிரைவ் மாதிரி இருக்கும்), ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதி எண்). அடுத்த கட்டத்தில் எந்த நம்பர், எந்த மெயில். அடுத்து யார் பொறுப்பு, அவர் இல்லாவிட்டால் யார். கடைசியில் எப்போது காலாவதி. பாஸ்வேர்டை மட்டும் இதில் எழுத வேண்டாம், அது முதலாளியின் பீரோவில் மூடிய கவரில் இருக்கட்டும். ஏற்றுமதிக்கான ஐஇசியை ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், எதுவும் மாறாவிட்டாலும்கூட, இணையத்தில் போய் உறுதி செய்ய வேண்டும், விட்டால் முடங்கிவிடும். அதைச் செய்ய வேண்டிய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில், வேறு முப்பது டோக்கன்களோடு கிடக்கும். அதைக் கேட்டு வாங்கி வருவதற்கு முதலாளிகள் கூச்சப்படுகிறார்கள், ஏதோ ஆடிட்டரை நம்பாத மாதிரி ஆகிவிடுமாம். கையெழுத்துப் போட்ட செக் புத்தகத்தை யாரிடமாவது கொடுத்து வைப்பீர்களா என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

இப்போது படித்துவிட்டு வந்த மகனோ மகளோ கம்பெனிக்குள் வருகிறார்கள். ஏஐ போடலாம், சாட்பாட் போடலாம் என்கிறார்கள். போடட்டும், பையருக்கு மெயில் எழுதவும் டெக்-பேக்கை (பையர் அனுப்பும் அளவு, துணி விவரத் தாள்கள்) படித்துச் சுருக்கவும் நன்றாகவே உதவுகிறது. நான் அவர்களிடம் தரச் சொல்லும் முதல் வேலை வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்த எக்கோடிசைன் சட்டத்தில், பொருளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் என்று ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரலில் வெளியிட்ட வேலைத்திட்டத்தில் துணிமணிகளை முன்னுரிமைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியப் பையருக்குத் தைப்பவர்களிடம் ஒரு டி-ஷர்ட்டைக் காட்டி, இதன் நூல் எங்கிருந்து வந்தது, எந்தப் பட்டறையில் சாயம் ஏறியது என்று கேட்கும் காலம் தூரத்தில் இல்லை. நேரடியாக எக்ஸ்போர்ட் செய்யாமல் அவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்பவர்களிடமும் அந்தக் கேள்வி இறங்கி வரும்.

அதற்குப் பிளாக்செயின் (ஒருமுறை எழுதினால் மாற்ற முடியாத டிஜிட்டல் பதிவேடு) விற்க இப்போதே ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். நூல் பில்லில் இருக்கும் லாட் நம்பர் நிட்டிங் டிசியிலும், அது டையிங் டிசியிலும், அது கட்டிங் சீட்டிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தால் யார் கேட்டாலும் ஒரு மணி நேரத்தில் எக்ஸெல்லில் பதில் எடுத்துவிடலாம். இன்றைக்குப் பெரும்பாலான டிசியில் தேதி, எடை, ரோல், வண்டி எண் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது, லாட் நம்பரை மட்டும் யாராவது நினைத்தால் ஓரத்தில் கிறுக்குகிறார்கள். ஏப்ரல் 1-க்குப் புது டிசி புத்தகம் எப்படியும் அச்சடிக்கத்தான் போகிறீர்கள். பிப்ரவரியில் பிரஸ்காரரிடம் கொடுக்கும்போது, மூன்று நகலிலும் வருகிற மாதிரி, லாட் நம்பருக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.